இரண்டரை அங்குலம் மேற்கே

சாரந்தான் விழுந்தது, நான் விழவில்லை. அது விழுந்தபோது நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம், கண்ணமங்கலத்தில் ஒரு மாடி வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு நடந்தபோது கயிறு அறுந்து நேர்ந்த இந்தச் சம்பவத்தை, "சந்தியாகப்பன் மேஸ்திரி விழுந்துட்டாரு" என்று எங்கள் ஊரில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் முதல்வன் என் பங்காளி சகாயம். அவன் அன்று கண்ணமங்கலத்திலேயே இல்லை.

வலது முழங்காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு, காலை மடக்கி, நீட்டி, கம்பியைப் பிடித்து நடக்க வைத்து, பயிற்சியாலேயே குணப்படுத்தும் புது வைத்தியம் ஒன்றைச் செய்தார்கள். நல்ல வைத்தியம். பங்குனி முடிவதற்குள் கோல் இல்லாமல் நடந்தேன். அந்தோணியார் திருவிழாவுக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது.

திருவிழாவை ஏன் சொல்கிறேன் என்றால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அந்தோணியார் சப்பரத்தின் முன்பக்க வலது தோள் எங்கள் குடும்பத்துக்கு உரியது. கோயில் சுவரை எழுப்பியவர் என் பாட்டனார். சுவர் இன்னும் நிற்கிறது. ஆகவே தோளும் நிற்கிறது. சகாயத்தின் குடும்பத்துக்குப் பின்பக்க இடது தோள். அந்த இடத்தில் இருப்பவருக்கு அந்தோணியாரின் முதுகு மட்டுமே தெரியும். மூன்று தலைமுறை அந்த முதுகைப் பார்த்தது போதும் என்று அவர்கள் நினைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இடத்தையும் கொடுக்கமாட்டேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"சந்தியாகு, உம்முடைய கால் எப்படி இருக்கிறது?"

"நிக்குது சாமி. நடக்குது. ஏறச் சொன்னா ஏறும்."

"அது எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தால் போதாதாம்" என்று ஓர் அச்சடித்த காகிதத்தை நீட்டினார்.

கால் முறிவுக்கு வைத்தியம் பெற்றவர்கள் இனிமேல் சப்பரம், தேர்வடம், காவடி, தீவட்டி ஆகியவற்றைப் பொது வீதியில் சுமப்பதற்கு முன், 'மலைநாட்டு நிலைப்புப் பரிசோதனைச் சபை'யிடம் தாம் நேராக நிற்பதாகச் சான்று பெறவேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் மசூதிக்கும் ஒரே விதி. சர்க்கார் இதில் பாரபட்சம் காட்டவில்லை.

"சான்று வரலைன்னா சாமி?"

"இந்த ஒரு வருஷம் சகாயம் முன்னால் வரட்டும்."

சகாயம் கதவோரத்தில் தற்செயலாக நின்றிருந்தான். அவனுக்குப் பிறவியிலேயே இடது கால் ஓர் அங்குலம் குட்டை. அவன் தோள் கொடுக்கும் நாளில் அந்தோணியார் சற்றே அவன் பக்கமாகச் சாய்ந்து வருவார். பக்தர்கள் அதை அருள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"நானும் கூட வர்றேண்ணே" என்றான் சகாயம். "எனக்கும் ஒரு சான்று இருந்தா நல்லதுதானே? வழியில நீ உட்கார்ந்துட்டா யாரு இஸ்துகினு வர்றது?"

சபையைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தம் முடிந்து, காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரி ஒன்று மூடப்பட்டபோது, மனிதர் நிற்பதை அளக்கும் பலகைகள் முப்பத்திரண்டு மிச்சமாகிவிட்டன. பலகை இருந்து நிற்க ஆள் இல்லை என்பது நிர்வாகக் குறை. அந்தக் குறையைப் போக்க ஒரு சபை ஏற்பட்டது. கோடையில் சமவெளியில் நிலைப்பைத் துல்லியமாக அளக்க முடியாது என்று சபையின் அதிகாரிகள் ஆராய்ந்து கண்டுபிடித்ததால், பங்குனி முதல் ஆனி வரை அது ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுக்கு இடம் மாற்றப்பட்டது.

ஆக, என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியுமா என்று அறிவதற்காக நான் ஒன்பது மைல் மலையேறினேன். ஏறியது பரிசோதனையில் சேராது என்று பிறகு சொன்னார்கள்.

காட்டிலாகா பங்களாவின் வராந்தாவில் சபை கூடியிருந்தது. படியில் காத்திருந்தவர்களில் வேடியப்பனைக் கண்டேன். புதூர்நாட்டு விவசாயி, என் வயது. இருபது வயதில் இருவரும் இதே பங்களாவுக்குக் கல் சுமந்தவர்கள்.

"இன்னா மேஸ்திரி, நீயுமா?" என்றார். "எனக்குக் காலும் ஒடியல, கையும் ஒடியல. ஒடிஞ்சவங்க அஞ்சாறு பேருதான் கெடைச்சாங்களாம். அதான் ஒடியாதவங்களையும் இட்டாரச் சொல்லி உத்தரவாம்."

இந்த இடத்தில் பங்களாவைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். இதுவரை எங்கள் குடும்பத்துக்கு வெளியே, வேடியப்பனைத் தவிர, யாருக்கும் தெரியாத விஷயம்.

பங்களாவைக் கட்டியவர் என் தகப்பனார் செல்வநாதன் மேஸ்திரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில். வராந்தாத் தளம் முழு மட்டமாக இருக்கவேண்டும் என்று எஞ்சினீயர் துரையின் பிளானில் போட்டிருந்தது. மலை மழை பக்கவாட்டில் அடிக்கும், தளத்துக்கு வாட்டம் கொடுத்தால்தான் தண்ணீர் வடியும், இல்லாவிட்டால் சுவர் ஊறும் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். துரை கேட்கவில்லை. அப்பா வாக்குவாதம் செய்கிறவர் அல்லர். எட்டடி அகலத்துக்குக் கிழக்கே பார்க்க மூன்றரை அங்குலம் இறக்கினார். நீளவாக்கில் மட்டும் மயிரிழை பிசகாமல் மட்டமாக வைத்தார். துரை சோதிக்க வந்த அன்று ரசமட்டத்தை நீளவாக்கில் வைக்கும்படி எடுத்துக் கொடுத்தவரும் அப்பாதான். குமிழி நடுவில் நின்றது. துரை, "வெரி குட்" என்றார். 'தளம் மட்டம்' என்று காகிதம் எழுதி அப்பாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

"யாரு கேட்டாலும் மட்டம்னு சொல்லு" என்றார் அப்பா என்னிடம். சாகும்போது என்னிடம் நினைவூட்டியது இரண்டு விஷயங்கள். ஒன்று அந்தோணியார் தோள். மற்றொன்று இது.

அந்தக் காகிதம் இப்போது கண்ணாடி போட்டு வராந்தாக் கதவின்மேல் தொங்கியது. அப்பாவின் பெருவிரல் ரேகையைப் பார்த்தேன். கொத்துக் கரணை வெட்டிய தழும்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

நிலைப்பு அதிகாரி கிருஷ்ணன் அதன்கீழ் நின்று எங்களுக்குப் பிரசங்கம் செய்தார். பட்டணத்திலிருந்து வந்தவர். மெலிந்த மனிதர்.

"ஜனங்களே! இந்த மலை முழுவதும் நான் மட்டமான தரையைத் தேடினேன். ஓரிடம் இல்லை. இயற்கை இங்கே ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை. ஆனால் இதோ, மட்டம் என்று சர்க்கார் அத்தாட்சி பெற்ற தளம்! நான் இதைச் சோதிக்கவில்லை. ஏன் சோதிக்கவில்லை? அத்தாட்சி இருப்பதைச் சோதிப்பது சர்க்காரைச் சந்தேகிப்பதாகும். நான் சந்தேகிப்பது உங்களை மட்டும்."

பரிசோதனை ஆரம்பமாயிற்று. வராந்தாவின் வடக்குக் கோடியில் ஆளுயரப் பலகையைத் தரையோடு பதித்து, தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி மூலைமட்டம் வைத்து, அதன் நடுவே ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். பலகைக்கு முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நிற்கவேண்டும். தலை உச்சி கோட்டில் இருந்தால் நேர். விலகினால் சாய்வு. கோட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கொத்தனுக்கு இது கணக்கே அல்ல. தரை கிழக்கே இறங்குகிறது. தரைக்கு மூலைமட்டம் வைத்துப் போட்ட கோடும் கிழக்கேதான் சாயும். அதன்முன் நேராக நிற்கிறவன் மேற்கே சாய்ந்தவனாகத் தெரிவான்.

ஊழியர் வடிவேலு ஊதல் ஊதினார். முதல் ஊதலுக்குக் குதிகால்களைச் சேர்த்தேன். இரண்டாவதற்குக் கண்ணை மூடினேன். மூன்றாவதற்குப் பேரையும் தாலுகாவையும் ஆடாமல் சொன்னேன். பிறகு, தள்ளப்படுவதற்கு எனக்குச் சம்மதம் என்று ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வடிவேலு ஆள்காட்டி விரலால் என் மார்பில் தள்ளினார். நான் அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். விரல் சுளுக்கிக்கொண்டது. 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார்கள்.

கிருஷ்ணன் ஒரு கண்ணை மூடிப் பார்த்து அறிவித்தார்: "இரண்டரை அங்குலம் மேற்கே! சான்று கிடையாது."

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தத் திசையிலும் சாய்ந்ததில்லை. வாயைத் திறந்தேன். கண்ணாடிக்குள் அப்பாவின் பெருவிரல் தெரிந்தது. தரைமேல் பழி சொன்னால் எனக்குச் சான்று கிடைக்கும். செல்வநாதன் மேஸ்திரி சர்க்காருக்குப் பொய்க் கைநாட்டு வைத்தார் என்பதும் பதிவாகும். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது வேடியப்பன். இரண்டரை அங்குலம் மேற்கே.

"ஏன் சாமி, இந்தத் தளத்துல தண்ணி ஊத்தினா கிழக்கால..." என்று அவர் ஆரம்பித்தார். நான் பலமாக இருமினேன். வேடியப்பன் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். அவருக்குப் படிப்பு இல்லை, ஆனாலும் புரிந்துகொள்வார்.

பிறகு சகாயம் நின்றான். இடது கால் குட்டை. தெற்கே பார்த்து நின்றால் இடது பக்கம் கிழக்கு. மேனி முழுவதும் கோட்டின்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"அற்புதம்!" என்றார் கிருஷ்ணன். "முழு நிலைப்பு! எல்லோரும் இவரைப் பாருங்கள். மனிதன் இப்படித்தான் நிற்கவேண்டும்."

சகாயம் இறங்கி வரும்போது என் பக்கம் குனிந்து, "இன்னாண்ணே, சாஞ்சிட்டியாமே?" என்றான். நான் நிமிர்ந்தே நின்றேன். பதில் சொல்லக் குனியவேண்டியிருக்கும்.

அன்று இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர் மேற்கே சாய்ந்திருந்தார்கள். ஒரு மாதத்தில் இருநூற்றுப் பதினோரு பேரில் இருநூற்று மூன்று பேர். நேராக நின்ற எட்டுப் பேர் யார் யார் என்றால், சகாயம், இடுப்பு ஒடிந்த ஒருவர், காலையிலேயே சாராயம் குடித்துவிட்டு வந்த இரண்டு பேர், அவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த நால்வர்.

இது மலையில் பரவிய தொற்று என்று முதலில் எழுதினார்கள். பிறகு காரணம் கண்டுபிடிக்கப்பட்டது.

"புளி மூட்டை!" என்றார் கிருஷ்ணன். "தலைமுறை தலைமுறையாக வலது தோளில் சுமந்ததால் இந்த ஜாதியே வலப்புறம் சாய்ந்துவிட்டது."

"நாங்க தலைமேலதாங்க சொமக்கறோம்" என்றார் வேடியப்பன்.

"அப்படியானால் தலையின் வலது பக்கத்தில்" என்றார் கிருஷ்ணன்.

சாய்ந்தவர்களுக்கு வைத்தியம் வந்தது. 'கிழக்குத் திருத்தக் கட்டை' என்று ஒன்று. ஓர் அங்குலக் கனத்தில் வேங்கை மரத்துண்டு, வலது பாதத்தின்கீழ் வைத்துத் தோல்வாரால் கட்டவேண்டும். மேற்கே இருக்கும் கால் உயர்ந்தால் உடல் கிழக்கே திரும்பும் என்பது தத்துவம்.

வேடியப்பன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சந்தேகங்க. நீங்க நிக்க வெக்கறது தெக்கால பார்த்து. என் வூடு வடக்கால கீது. வூட்டுக்குப் போறப்ப வலது கால் கிழக்காலல்ல வந்துடும்?"

கிருஷ்ணன் உள்ளே போனார். ஒரு மணி நேரம் கழித்துச் சுற்றறிக்கையோடு வந்தார். 'நோயாளிகள் வடக்கு நோக்கி நடக்கும்போது கட்டையை இடது காலுக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். திசை தெரியாத இடங்களில் நடத்தல் கூடாது.'

மலைப்பாதைக்கு வளைவுகள் உண்டு. புதூர்நாட்டிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் வழியில் நாற்பத்தேழு வளைவுகள். அந்தச் சித்திரை மாதத்தில் ஒவ்வொரு வளைவிலும் நாலைந்து பேர் உட்கார்ந்து, கட்டையை அவிழ்த்து, மறு காலில் கட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். திருப்பத்தூர்ச் சந்தைக்கு விடியலில் புறப்பட்ட பலாப்பழங்கள் மறுநாள் போய்ச் சேர்ந்தன. வேடியப்பன் தன் ஆயுளில் முதல் தடவையாகக் கீழே விழுந்தார், கட்டையோடு. 'நோயாளிக்கு நிலைப்புக் குறைவு இருந்தது உறுதியாயிற்று' என்று அவருடைய பாரத்தில் சேர்த்தார்கள்.

நான் சர்க்காரை மதிக்கிறவன். மூன்றாவது வளைவு வரை கட்டையை மாற்றிக் கட்டினேன். பிறகு பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவி பிலோமினாள் அதை அடுப்பில் வைத்தாள். வேங்கை நன்றாக எரியும்.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க" என்றாள் அன்று சோறு போடும்போது. "ரெண்டரை அங்குலந்தானே? அந்தக் கோட்டாண்ட போறப்ப கொஞ்சம் சாஞ்சி நின்னுட்டா இன்னா? யாரு பார்க்கப் போறாங்க?"

"சாஞ்சா, சாஞ்சதுக்குச் சான்று. அத்த வச்சிகினு அந்தோணியாரைத் தொடறதா?"

"அப்ப சகாயம் முன்னால வரட்டும். நீங்க வூட்டுலயே நேரா நில்லுங்க."

மறுநாள் காலை நான் கொல்லைக் கதவு நிலையை ஒட்டிக் கிழக்கே சாய்ந்து நின்று பார்த்ததாக அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது பொய். நிலை பழுதாகியிருக்கிறதா என்று பார்த்தேன்.

ஊரில் விஷயம் முற்றிக்கொண்டிருந்தது. சகாயம் தன் சான்றைச் சட்டம் போட்டுக் கழுத்தில் தொங்கவிடாத குறை. பூசைக்கு வரும்போது முன்பக்க வலது தோளுக்கு ஏற்றபடி இப்போதே தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தான். திருவிழா வைகாசிக் கடைசியில். வைகாசி இருபத்தெட்டில், அதாவது இரண்டு நாளுக்கு முன்னால், சபையின் டைரக்டர் நேரில் வந்து எல்லோரையும் மறுபரிசோதனை செய்வார் என்று தகவல் வந்தது. எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

டைரக்டர் ராவ் பகதூர் பட்டம் பெற்றவர். கனத்த உடம்பு, தங்கச் சங்கிலி, வெள்ளைத் தலைப்பாகை. எட்டுப் பேர் டோலியில் சுமந்து வந்தார்கள். வராந்தாவில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தோம். சகாயமும் வந்திருந்தான், துண்டோடு.

கிருஷ்ணன் வரவேற்புரை படித்தார். அவர் அப்போது ஒரு தினுசாகக் கிழக்கே சாய்ந்து நின்றார். வடிவேலு எங்களிடம் காதோடு சொன்னார்: "அய்யாவும் மொதல் நாளு ரெண்டரை மேற்காலதாங்க இருந்தாரு. யாருக்கும் சொல்லல. தெனம் விடிகாலைல பலகையாண்ட நின்னு நின்னு பழகிட்டாரு. இப்ப தூங்கறப்பகூட அப்படித்தான் படுக்கறாரு. காப்பி டம்ளர்ல ஒரு பக்கமா ஊத்திக்கிது."

"இந்த மலைவாசிகள் இருநூற்று மூன்று பேர் ஒரே திசையில், ஒரே அளவு சாய்ந்திருக்கிறார்கள்" என்று கிருஷ்ணன் முடித்தார். "இவ்வளவு ஒற்றுமையான சாய்வு உலகத்தில் வேறெங்கும் பதிவாகவில்லை. தாங்கள் முன்மாதிரியாகப் பலகையின்முன் நின்று, நேர் என்றால் என்னவென்று இவர்களுக்குக் காட்டியருள வேண்டும்."

டைரக்டர் மகிழ்ச்சியோடு எழுந்தார். ஊதல் ஊதப்பட்டது. குதிகாலைச் சேர்த்தார். கண்ணை மூடினார். பேரையும் பட்டத்தையும் தாலுகாவையும் சொன்னார். வடிவேலு அவரைத் தள்ளவில்லை.

தலைப்பாகையின் உச்சி கோட்டுக்கு மேற்கே இருந்தது. இரண்டே முக்கால் அங்குலம். அவர் உயரமானவர்.

கிருஷ்ணன் அளவுகோலைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பின்வரிசையில் வேடியப்பன் மட்டும், "அய்யாவும் புளி சொமந்திருப்பாரு" என்றார்.

டைரக்டர் கண்ணைத் திறந்தார். "நான் சாய்கிறேனா?"

"தாங்கள்... தாங்கள் சாய்வதற்கு இடமில்லை" என்றார் கிருஷ்ணன்.

"அப்படியானால் பலகையா?"

"பலகை தரைக்குச் செங்குத்து. நானே மூலைமட்டம் பிடித்தேன்."

"அப்படியானால் தரையா?"

எல்லோர் பார்வையும் கண்ணாடிக்குப் போயிற்று. டைரக்டர் கிட்டப் போய்ப் படித்தார். "செல்வநாதன் மேஸ்திரி. யார் இந்த ஆள்? இவன் சர்க்காரை ஏமாற்றியிருந்தால் பேரைப் பதிவு செய்து, இந்தக் காகிதத்தை ரத்துச் செய்து..."

"என் தகப்பனாருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரும் கொத்தனா? ரசமட்டம் இருக்கிறதா?"

கொத்தன் ரசமட்டம் இல்லாமல் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. பையிலிருந்து எடுத்தேன்.

"சோதித்து, இவ்வளவு பேர் முன்னிலையில் உண்மையைச் சொல்லும். தரை மட்டமா இல்லையா?"

தரை மட்டமில்லை என்றால் அந்த நிமிஷமே நான் நேர். நாளன்றைக்கு அந்தோணியார் என் தோளில். மட்டம் என்றால் நான் சாய்ந்தவன், டைரக்டரும் சாய்ந்தவர், கோபம் என் தலையில், தோள் சகாயத்துக்கு. சகாயம் துண்டைச் சரிசெய்துகொண்டான்.

முழங்கால் வலித்தது. ஆனாலும் குந்தினேன். ரசமட்டத்தைக் கையில் எடுத்தபோது அது எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று அதற்கே தெரிந்தமாதிரி இருந்தது. நீளவாக்கில் வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. முப்பத்தைந்து வருஷம் ஆகியும் மயிரிழை பிசகவில்லை.

டைரக்டர் குனிந்து பார்த்தார். கிருஷ்ணன் குனிந்து பார்த்தார். மண்டியிட்டு வடிவேலும் பார்த்தார். படித்தவர்கள் மூன்று பேர். அதைக் குறுக்கே திருப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

"மட்டம்" என்றேன்.

பின்னால் வேடியப்பன் பலமாக இருமினார்.

டைரக்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தார். தரை மட்டம். பலகை செங்குத்து. தாம் ராவ் பகதூர். இந்த மூன்றில் எதையும் மாற்ற முடியாது. கடைசியில் எழுந்தார்.

"ஜனங்களே! விஞ்ஞானம் என்பது பிடிவாதமல்ல. சமவெளியில் நேர் என்பது வேறு, மலையில் நேர் என்பது வேறு. உயரம் கூடக் கூட நேர் மேற்கே நகர்கிறது. இதை நான் இன்று என் சொந்த உடம்பால் நிரூபித்திருக்கிறேன். இன்று முதல் ஜவ்வாது மலையில் மேற்கே இரண்டரை அங்குலமே நேர். என் உயரத்தில் உள்ளவர்களுக்குக் கால் அங்குலம் சலுகை. ஏற்கெனவே நேர் என்று எழுதப்பட்ட எட்டுப் பேரும் கிழக்கே சாய்ந்தவர்கள். அவர்கள் சான்று ரத்து."

"சாமி!" என்றான் சகாயம்.

"இப்போதே அவர்களுக்குக் கட்டை கட்டவேண்டும்." டைரக்டர் பக்கத்தில் திரும்பினார். "மிஸ்டர் கிருஷ்ணன், நீரேன் இப்படிக் கிழக்கே சாய்ந்து நிற்கிறீர்? உமக்கும் ஒன்று."

சகாயம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து, "இன்னா தம்பி, சாஞ்சிட்டியாமே?" என்று நான் கேட்கவில்லை. வேடியப்பன் கேட்டார்.

என் சான்று உடனே எழுதப்பட்டது. 'சந்தியாகப்பன், கொத்தன், வயது ஐம்பத்தைந்து. இரண்டரை அங்குலம் மேற்கே சாய்ந்திருக்கிறார். ஆகவே நேராக நிற்கிறார்.' பங்குச் சாமியார் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். வைகாசி முப்பதில் அந்தோணியார் என் வலது தோளில் ஏறினார். பின்னால் இடது பக்கம் சகாயம், காலில் கட்டையோடு. அவன் கால் முதல் தடவையாகச் சரியான நீளத்தில் இருந்ததால், அந்த வருஷம் சப்பரம் கொஞ்சமும் சாயாமல் போயிற்று. சப்பரம் வடக்கே திரும்பியபோதும் கட்டையை வலது காலுக்கு மாற்றாமல் இடது காலிலேயே வைத்திருந்தான் என்று யாரும் சபைக்கு எழுதவில்லை.

ஆனால் என் மனத்தில் நிற்பது சப்பரம் அல்ல. சான்று வாங்கிய அன்று மத்தியானம் பெய்த மழை.

டைரக்டர் டோலியில் ஏறப்போகும் சமயம் வானம் இருண்டு, கிழக்கேயிருந்து அடித்துக்கொண்டு வந்தது. நூறு பேரும் வராந்தாவில் ஒண்டினோம். கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் உள்ளே சிதறிச் சுவரோரம் தேங்கப் பார்த்தது. தேங்கவில்லை. எங்கள் பாதங்களுக்கு நடுவே மெல்ல நெளிந்து, மேற்கிலிருந்து கிழக்கே ஓடி, விளிம்பில் சரமாகக் கொட்டிற்று. நூறு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

டைரக்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தளத்தை வெகு நேரம் கவனித்தார்.

"பார்த்தீரா, கிருஷ்ணன்!" என்றார். "இதற்குப் பெயர்தான் மட்டம். ஒரு சொட்டு நிற்கிறதா, பாரும்!"

"ஒரு சொட்டும் நிற்கவில்லை" என்றார் கிருஷ்ணன், கட்டை கட்டிய காலைத் தண்ணீரிலிருந்து தூக்கி.

டைரக்டர் என் பக்கம் திரும்பி மெச்சிக்கொள்ளும் பாவனையில் தலையை ஆட்டினார். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தேன்.

"எங்கப்பா போட்டதுங்க" என்றேன்.